கொயினாவும் பச்சை வெள்ளமும்

அன்புள்ள மைனி,

இன்று காலை கொயினாத் தூளை நாக்கு நுனியில் தொட்டு வைத்துப் பார்த்தேன். குளிர்காய்ச்சல் எனக்கல்ல, வாத்தியாருக்கு. மழை விட்ட பிறகு எங்கள் திற்பரப்பில் வீட்டுக்கு ஒருவர் போர்வைக்குள் கிடக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு வந்த கம்பவுண்டர் மஞ்சள் காகிதத்தில் பொட்டலம் பொட்டலமாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். யாருக்குக் கொயினா கொடுப்பதாக இருந்தாலும் நான் முதலில் நாக்கில் வைத்து, கசக்கிறது என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் கொடுப்பேன். "கொயினா கசக்காம பின்ன இனிக்கவா செய்யும்?" என்று வாத்தியார் போர்வைக்குள்ளிருந்து கேலி பேசினார். என்னைக் கட்டுவதற்கு முன்பே அவருக்கு எல்லாக் கதையும் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேலி பேசுவார்.

மருந்தைக் கரைத்துக் கொடுத்துவிட்டு அடுக்களையில் வந்து உட்கார்ந்தேன். நாக்கில் கசப்பு போகவில்லை. ஒரு துண்டு கருப்பட்டியை வாயில் போட்டிருக்கலாம், போடத் தோன்றவில்லை. நீங்கள் போய் நாற்பது நாள் தாண்டிவிட்டது, மைனி. இத்தனை நாளும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. இறந்தவளுக்குக் காகிதம் எழுதுகிறாளே என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். வாத்தியாரின் பள்ளிக்கூடக் காகிதத்தில் நாலு தாளை எடுத்துக்கொண்டுவிட்டேன்.

கீரிப்பாறைக்கு மேலே, ஒரு துரையின் ரப்பர் தோட்டத்தில் நாம் மூன்று பேரும் இருந்த நாட்களிலிருந்து தொடங்குகிறேன். தாவீது அண்ணன் உங்களைக் கட்டிய மூன்றாம் மாதமே மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அம்மை இறந்த பிறகு ஊரில் தனியாக நான் என்ன செய்ய என்று என்னையும் வரச் சொன்னான். எனக்குப் பதினெட்டு வயது, உங்களுக்கு இருபது. வரிசையாகக் கட்டிய லயத்தில் நமக்கு ஓர் அறையும் ஓர் அடுக்களையும். முதல் நாளே நீங்கள் என் தலையைப் பிடித்து இழுத்துப் பேன் பார்க்க உட்கார்ந்துவிட்டீர்கள். "நாத்தனார் வந்தா மைனி பயப்படணும்னு சொல்லுவாங்க. எனக்கு உனக்க பேன கண்டாத்தான் பயம்" என்றீர்கள். அன்றைக்கே எனக்கு உங்களைப் பிடித்துப்போனது.

நீங்கள் இருவரும் மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர்கள். விடிந்ததும் கத்தியும் வாளியுமாகப் போய், பட்டையைக் கீறி, மரத்துக்கு ஒரு சிரட்டையைப் பொருத்திவிட்டு வருவீர்கள். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புவரை படித்தவள் என்பதால் கங்காணி என்னை வேறு வேலைக்கு வைத்தார். காலையில் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். நான் கொயினாத் தண்ணீர்ப் புட்டியும் ஒரு அவுன்சுக் கிளாசுமாக முன்னால் நிற்க வேண்டும். ஒவ்வொருவரும் என் கண்முன்னால் குடித்துவிட்டு, உடனே தன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். பலர் வாயில் அடக்கி வைத்துக்கொண்டு போய்ப் புதரில் துப்பியதால் கங்காணி கண்டுபிடித்த வழி அது. வாய் நிறையக் கொயினாவை வைத்துக்கொண்டு யாரும் பெயர் சொல்ல முடியாதல்லவா. அந்த மலையில் அறுபது பேர் தொண்டை கமறிக்கொண்டு அவரவர் பெயரைக் கத்துவதைக் கேட்டுத்தான் பொழுது விடியும்.

அண்ணனின் குரலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓலைக் கொட்டகையில் ஜெபம் நடக்கும்போது கீர்த்தனையை அவன்தான் எடுத்துக்கொடுப்பான். உபதேசியார் மாதம் ஒருமுறை மலையேறி வருவதே அவன் பாட்டைக் கேட்கத்தான் என்று ஒரு பேச்சு இருந்தது. கொயினா குடித்தால் காதுக்குள் இரைச்சல் கேட்கும், எல்லாருக்கும் கேட்கும். மற்றவர்கள் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். பாடுகிறவன் பொறுப்பானா? ஒருநாள் வரிசைக்கு முன்னால் என்னிடம் வந்து, "ஏட்டி, காதுக்குள்ள வண்டு இரையுது, சுருதி நிக்க மாட்டேங்குது. எனக்கு மட்டும் பச்ச வெள்ளம் ஊத்து. ராத்திரி உனக்க மைனி மாத்திரை தாராள்லா, அது போதும்" என்றான். மழைக்காலத்தில் வீட்டுக்கு வீடு மாத்திரையும் கொடுத்திருந்தார்கள், இரவுச் சோற்றுக்குப் பிறகு போட வேண்டும் என்று. நான் கொஞ்சம் யோசித்தேன். கொஞ்சம்தான் யோசித்தேன், மைனி. பிறகு ஒரு சின்னப் புட்டியில் வெறும் ஓடைத் தண்ணீரைப் பிடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

அவன் அதைக் குடித்துவிட்டுப் பண்ணுகிற கூத்தை நீங்கள் பார்த்ததில்லை. நீங்கள் அதற்குள் குடித்துவிட்டு மேட்டுக்குப் போயிருப்பீர்கள். முகத்தை எட்டுக் கோணலாக்கி, தோளைக் குலுக்கி, ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தாஆவீ...து" என்று ராகம் போட்டு இழுப்பான். வரிசை முழுவதும் சிரிக்கும். கங்காணியே சிரிப்பார். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்.

அந்த ஐப்பசியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் குளிர் என்றான், இரண்டாம் நாள் நம்மை அடையாளம் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் நாலு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆசுபத்திரிக்கு இறங்கினார்கள். நீங்கள் நாலு மாத வயிற்றோடு கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டே நடந்தீர்கள். ஆற்றைக் கடக்கும் முன்னால், உச்சிவெயிலில், கொஞ்சம் இளைப்பாறக் கட்டிலை இறக்கினார்கள். அங்கேயே முடிந்துவிட்டது. பிறகு நாம் ஆசுபத்திரிப் பாதையில் போகாமல் ஊர்ப் பாதையில் திரும்பினோம்.

"கொயினா ஒழுங்கா குடிச்சவனும் இதில செத்திருக்கான், யாரும் ஒண்ணும் செய்ய முடியாது" என்று தோட்டத்துக் கம்பவுண்டர் பிறகு ஆறுதல் சொன்னார். அந்த மனிதர்மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது தெரியுமா? நல்லதைத்தான் சொன்னார். ஆனால் அவன் சும்மா செத்துப்போனான் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. நான் கொன்றேன் என்றால் அதற்கு ஒரு காரணமாவது இருக்கிறது. அன்றே அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், யாரிடமும் சொல்லவில்லை.

தக்கலைக்குப் பக்கத்தில் நம் பழைய வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். நேசம் பிறந்தாள். உங்கள் அண்ணன்மார் வந்து கூப்பிட்டும் நீங்கள் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. "இவள விட்டுட்டு எப்படி வருவேன்?" என்று என்னைக் காட்டிச் சொன்னீர்கள். எனக்கு வந்த சம்பந்தங்களை நானும் ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்தேன். நான் தாலியறுத்த பெண்ணை விட்டுவிட்டு நான் எங்கே போய்க் குடித்தனம் நடத்துவது?

எட்டு வருஷம் நாம் இருந்த இருப்பை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. மீன் வாங்கினால் நடுத்துண்டை நான் உங்கள் தட்டில் வைப்பேன். நீங்கள் அதை என் தட்டில் வைப்பீர்கள். அது அங்குமிங்கும் போய் ஆறிக் கடைசியில் நேசத்தின் வாய்க்குள் போகும். நீங்கள் எழுமுன் தண்ணீர் இறைத்துவிட வேண்டும் என்று நான் சீக்கிரம் எழுந்தால், நீங்கள் அதைவிடச் சீக்கிரம் எழுந்து கிணற்றடியில் நிற்பீர்கள். எனக்குத் தலைவலி என்றால் நீங்கள் பட்டினி கிடப்பீர்கள். நாத்தனாரும் மைனியும் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சபையில் பெண்கள் நம்மைக் காட்டி மருமகள்களுக்குப் புத்தி சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். நீங்கள் செய்த ஒவ்வொரு உபகாரமும் எனக்கு ஓர் அடி. இந்தப் பெண்ணுக்கு மட்டும் உண்மை தெரிந்தால், என்று நினைப்பேன். தெரிந்துவிடக் கூடாதே என்று இன்னும் ஒரு குடம் தண்ணீர் அதிகமாக இறைப்பேன். அந்த எட்டு வருஷத்தில் நாம் ஒருமுறைகூடச் சண்டை போடவில்லை, கவனித்தீர்களா?

மனசு சும்மா இருக்கவில்லை. சில நாள் எனக்காக வாதாடும்: அண்ணன் கேட்டான், கொடுத்தாய், நீ சின்னப் பெண். சில நாள் கங்காணியைப் பிடித்துக்கொள்ளும்: அவர் ஏன் புட்டியை என்னிடம் நம்பிக் கொடுத்தார்? சில நாள் இன்னும் மோசம், இரண்டொரு நாள் நிஜமான கொயினாவைத்தான் ஊற்றினேன் என்று நானே நம்பத் தொடங்குவேன். பிறகு அவன் முகம் கோணியது ஞாபகம் வரும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

வாத்தியாரின் சம்பந்தத்தை நம் ஊர் உபதேசியார் மூன்றாம் முறையாகக் கொண்டு வந்த அன்றைக்கு, நாம் முற்றத்தில் உட்கார்ந்து மரச்சீனிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தோம். மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை, நல்ல மனிதர். எனக்கு இருபத்தேழு வயது. நான் வேண்டாம் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். உங்கள் கத்தி நின்றுவிட்டது.

"அந்த வாத்தியாருக்கு என்ன கொறை?" என்றீர்கள்.

"கொறை ஒண்ணும் இல்ல. எனக்கு வேண்டாம்."

"என்னை விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு இருக்க. அதுதானே?"

நான் அடுத்த கிழங்கை எடுத்தேன். நீங்கள் கிழங்கைக் கீழே வைத்தீர்கள். "ஏட்டி, நீ யாருக்காக இப்பிடி இருக்கியோ, அவ அதுக்குத் தகுதி உள்ளவ இல்ல. உனக்க அண்ணன கொன்னது நான்."

பிறகு நீங்கள் சொன்னதெல்லாம் எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. இரவு மாத்திரையை நீங்கள் அவனுக்கு ஒருநாள்கூடக் கொடுக்கவில்லை. காதில் இரைச்சல், பாட முடியவில்லை என்றானாம். உங்களுக்கு மனசு கேட்கவில்லை. மாத்திரை மிச்சமிருந்தால் கம்பவுண்டர் கண்டுபிடிப்பாரே என்று, "ஒண்ணுவிடாம எல்லாத்தையும் அடுக்களைக்குப் பொறத்த நின்ன காந்தாரி மொளகுச் செடிக்க மூட்டில குழிச்சுப் போட்டேன்" என்றீர்கள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "இனி நீ போ. நான் பிடிச்சு வைக்க மாட்டேன்" என்றீர்கள்.

எனக்கு மனசு இளகியிருக்க வேண்டும். பாரம் குறைந்தது என்று நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம், மைனி. என் பெட்டியைத் திறந்து யாரோ கையைப் போட்டதுபோல இருந்தது. "பொய்" என்று கத்தினேன்.

"எனக்க பிள்ளையாணை உள்ளது."

"அண்ணன கொன்னது நான். காலையில அவனுக்கு நான் ஊத்தினது பச்ச வெள்ளம். கேட்டீங்களா? பச்ச வெள்ளம்!"

நீங்கள் அழுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் எழுந்து இடுப்பில் கைவைத்தீர்கள். "நீ ஊத்தினதில என்ன இருக்கு? காலையில குடிக்கது ஒரு அவுன்சு. மாத்திரைக்க பெலம் அதுக்கு வருமா?"

"ஒரு அவுன்சுன்னா சும்மாவா? தெனமும் ஊத்தினேனே!"

"நான் தாலி கட்டினவ. எனக்கு இல்லாத பொறுப்பு உனக்கா?"

"நான் கூடப் பொறந்தவ!"

"நீ சின்னப்பிள்ள, அவரு சொன்னா கேப்ப. எனக்குப் புத்தி இருந்துல்லா?"

"எனக்கு மட்டும் புத்தி இல்லியா?"

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். நேசம் கதவைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றாள். சொத்துக்குச் சண்டை போடுகிறார்கள் என்று அந்த வேலிக்காரி ஊரெல்லாம் சொன்னாளாம். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நாம் அப்படித்தான் கத்தினோம்.

மூன்று நாள் பேச்சில்லை. நீங்கள் எனக்குத் தண்ணீர் இறைக்கவில்லை, நான் உங்களுக்கு இறைக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் மீன்குழம்பு. நீங்கள் சட்டிக்குள் கரண்டியை விட்டு, நடுத்துண்டை நிதானமாகத் தேடி எடுத்து, உங்கள் தட்டில் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றீர்கள்.

"நடுத்துண்டு ஒண்ணுதான் இருந்துதோ?" என்று கேட்டேன்.

"ஒண்ணுதான். நல்ல ருசி."

எனக்கு எரிந்தது. எட்டு வருஷத்தில் முதல்முறையாக உங்கள் மேல் கோபப்பட முடிந்தது, அது எவ்வளவு சுகமாக இருந்தது என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேனா? நான் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்தீர்கள், முள் தொண்டையில் குத்திவிடும் போலிருந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தினீர்கள்.

"ஏட்டி, பச்ச வெள்ளம் கேட்டப்ப அவரு உனக்கிட்ட என்ன சொன்னாரு?"

"ராத்திரி மைனி மாத்திரை தாரா, அது போதும்னு சொன்னான்."

நீங்கள் தட்டைத் தள்ளி வைத்தீர்கள். "எனக்கிட்ட, காலையில தங்கச்சி குடுக்காள்லா, பின்ன ராத்திரி எதுக்குன்னு சொன்னாரு."

அடுப்பில் உலை பொங்கி வழிந்தது, யாரும் எழவில்லை. "கள்ளன்" என்றீர்கள். எட்டு வருஷமாக அவனைப் பற்றி ஒரு குறைச்சொல்லை நம் வீட்டில் யாரும் சொன்னதில்லை. "சவத்து மூதி. ரெண்டு பேரையும் ஏமாத்தியிருக்கான்" என்றீர்கள். புருஷனை அவன் இவன் என்று நீங்கள் சொல்லி அன்றுதான் கேட்டேன். அதன் பிறகுதான் அழுதீர்கள். மலையிலிருந்து இறங்கிய நாளில்கூட நீங்கள் அப்படி அழவில்லை.

அழுது ஓய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "அவரு சின்னப்பிள்ள இல்ல மக்கா. இருபத்தாறு வயசு ஆம்பிள. கொயினா குடிக்காட்டா என்ன வரும்னு அவருக்குத் தெரியும். அவருக்க பங்க நாம எதுக்குப் பிடிச்சு வச்சிட்டிருக்கோம்? அத அவருக்கிட்டயே குடுத்துருவோம்."

"அப்ப நமக்கு ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டேன். கொஞ்சம் பயத்தோடுதான் கேட்டேன்.

"யாரு இல்லன்னா? நீ ஊத்தினது வெள்ளம். நான் குழிச்சுப் போட்டது மாத்திரை. அது நமக்குள்ளது, அதில இருந்து தப்ப முடியாது. அதுக்கு மேல ஆசப்படாத."

ஆசைப்படாதே என்றீர்களே, அந்தச் சொல்லை நான் பல நாள் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். பழியை யாராவது ஆசைப்பட்டு எடுப்பார்களா என்று வாத்தியார் கேட்டார். எடுப்பார்கள், நாம் எடுத்தோம். அவனைக் குற்றமில்லாதவனாக வைத்திருக்க வேண்டும் என்று, பாவம், அவனை ஒன்றும் தெரியாத குழந்தையாக்கிவிட்டோம். அவன் பங்கை அவனிடம் கொடுத்த பிறகு அவன் திரும்பி வந்தான், மைனி. தாயத்தில் கள்ளத்தனம் பண்ணுகிறவன், உபதேசியாரைப் போல நடந்து காட்டுகிறவன், கருப்பட்டிப் பானையில் கைவிட்டு அகப்பட்டுக்கொண்டவன் எல்லாம் நம் பேச்சுக்குள் வந்தான். தகப்பன் எப்படிப்பட்டவன் என்று நேசத்துக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

குற்றம் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் எனக்குக் கை வராது. ஆனால் அது ஓர் அளவுக்குள் வந்துவிட்டது. நான் வாத்தியாருக்குச் சரி என்று சொன்னேன். சொல்வதற்கு முன் அவரிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவர், "எனக்குக் காய்ச்சல் வந்தா பாத்து ஊத்து" என்றார். நீங்கள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினீர்கள். அதற்குப் பிறகு நாம் போட்ட சண்டைகள்! சேலைக்குச் சண்டை, பலாப்பழத்துக்குச் சண்டை, நேசத்தின் தலையில் எண்ணெய் போதாது என்று சண்டை. மாதம் ஒருமுறை நான் தக்கலைக்கு வந்தால் வாசலிலேயே தொடங்கிவிடுவோம். என்னை உங்களைப்போல யாரும் வைதது கிடையாது. உங்களைப்போல யாரும் என்னிடம் அன்பாக இருந்ததும் கிடையாது.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

உங்கள் அஞ்சல் அட்டை எனக்கு ஒரு திங்கட்கிழமை வந்தது. நீங்கள் சொல்லச் சொல்ல நேசம் எழுதியது. "கொஞ்சம் இருமல் உண்டு. வசதிப்பட்டால் வந்து போகவும்." புதன்கிழமை வாத்தியாரின் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார், மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். இருமல்தானே என்று நினைத்தேன். செவ்வாய் போயிற்று, புதனும் போயிற்று. என் மீன்குழம்பை இன்ஸ்பெக்டர் மெச்சினார், நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன். வியாழன் விடியற்காலையில் குலசேகரம்வரை நடந்து, அங்கிருந்து மோட்டார் வண்டி ஏறித் தக்கலைக்கு வந்தேன். நம் வீட்டுப் படியேறும்போது உள்ளே ஜெபம் முடிந்துகொண்டிருந்தது. மார்புச் சளிக் காய்ச்சல், காலையிலேயே போய்விட்டீர்கள் என்றார்கள். உங்கள் கை இன்னும் விறைக்கவில்லை.

நேசத்தை என்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, மைனி. அடக்கத்திலும் இல்லை, பிறகும் இல்லை. ஆனால் வேலை செய்தாள். நான் எழுமுன் முற்றம் பெருக்கியிருக்கும். எனக்குக் குளிக்க வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கும். நான் உட்கார்ந்தால் விசிறி எடுத்து வருவாள். "எவ்வளவு நல்ல பிள்ள!" என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். நான் அவர்களோடு சேர்ந்து மெச்சவில்லை. அந்த நல்ல குணத்தை நான் எட்டு வருஷம் அருகிலிருந்து பார்த்தவள் அல்லவா.

போன வாரம் நாங்கள் இரண்டு பேரும் அருவிக்குக் கீழே துணி துவைக்கப் போனோம். என் சேலையை என் கையிலிருந்து பிடுங்கி அவளே கல்லில் அடித்தாள். "போதும், குடு" என்றேன். கொடுக்கவில்லை. "உனக்கு என்ன மக்கா செய்யுது? எனக்கிட்ட சொல்லு" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு என்னமோ சொன்னாள். மழைத்தண்ணீர் விழுகிற இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி கேட்டேன். அவள் நிமிர்ந்து, தொண்டை கிழியக் கத்தினாள்: "அம்மை தந்த அட்டைய நான் அன்னிக்கு அஞ்சல் பெட்டியில போடல்ல! புஸ்தகத்துக்குள்ள வச்சு மறந்துட்டேன்! அடுத்த நாளுதான் போட்டேன்!" குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அதெல்லாம் ஒன்றுமில்லை, நீ என்ன செய்வாய், எல்லாம் இந்தப் பாவி அத்தையின் தப்பு என்று சொல்ல எனக்கு நாக்குவரை வந்துவிட்டது. அன்பினால்தான் வந்தது. மொத்தத்தையும் நானே எடுத்துக்கொண்டால் பிள்ளைக்குப் பாரம் இல்லையே என்று தோன்றியது. ஆனால் கம்பவுண்டரின் ஆறுதல் எனக்கு என்ன செய்தது என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தால் அவள் அதை நம்பியிருக்க மாட்டாள், இன்னும் இறுக்கிப் பிடித்திருப்பாள்.

அவளைக் கல்லில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். "ஒரு நாளு நீ வச்சிருந்த. அது உள்ளதுதான், அது உனக்குள்ளது" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "அட்ட திங்கக்கெழம எனக்க கையில வந்துது. நான் வந்தது வியாழக்கெழம. எடையில உள்ள ரெண்டு நாளு எனக்குள்ளது. நீ அதத் தொடப்பிடாது. பின்ன, உனக்க அம்மை. நெஞ்சு வேதனையில மூச்சு விட முடியாம கெடந்துக்கிட்டு, வசதிப்பட்டால் வந்து போகவும்னு எழுதச் சொல்லியிருக்கா. அது அவளுக்குள்ளது."

உங்களைச் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அது உங்கள் பங்குதான், மைனி. வசதிப்பட்டால் என்ன வசதிப்பட்டால்? என்னிடம் போய் அப்படி எழுதலாமா? உடனே வாட்டி என்று ஒரு சொல் எழுதியிருந்தால் இன்ஸ்பெக்டர் பட்டினி கிடந்திருப்பார். இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லிச் சண்டை போட முடியவில்லையே என்றுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

"ஒரு நாளு மட்டுந்தானா அத்தே?" என்று நேசம் கேட்டாள்.

"ஒரு நாளு மட்டுந்தான்."

அவள் உதடு கோணியது. "அம்மே" என்றாள். அவ்வளவுதான், என் மடியில் விழுந்து அப்படி ஓர் அழுகை. துவைத்த சேலை ஒன்று ஆற்றோடு போய்விட்டது, நாங்கள் கவனிக்கவில்லை. அட்டையைப் பற்றி அவள் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களை நினைத்து அழுதாள், உங்களுக்காக மட்டும்.

இப்போது காலையில் எழுப்பினால் எழுவதில்லை. வெந்நீர் போடச் சொன்னால் நீங்களே போடுங்கள் என்கிறாள். நேற்று என் மீன்குழம்பில் புளி கூடிவிட்டது என்று முகத்தைச் சுளித்தாள், நான் வைதேன், அவள் எதிர்த்துப் பேசினாள். வாத்தியார் பயந்துவிட்டார். எனக்கு உங்களோடு இருந்ததுபோல இருந்தது.

தாள் முடிகிறது, மைனி. அந்தத் திங்களுக்கும் வியாழனுக்கும் இடையில் உள்ள இரண்டு நாள் என்னிடம் இருக்கிறது. நீங்கள் மட்டும் இப்போது இருந்தால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, அதுவும் எனக்குள்ளதுதான் என்று சண்டைக்கு வருவீர்கள். வந்தாலும் தரமாட்டேன்.

உங்கள் நாத்தனார்